எந்த இடத்து ஹெச்.பி.?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடந்தாலும், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் படகேறி வளர்ந்தவர்கள் இல்லை. பாலத்தில் போய்ப் பாலத்தில் வருகிறவர்கள். மேட்டூரில் உபரி நீரைத் திறந்து கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும்போதுதான் தீயணைப்புத் துறையின் ரப்பர் படகும், அதன் பின்னால் தொங்கும் மோட்டாரும் எங்கள் கண்ணில் படும். கரையில் நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அது எத்தனை ஹெச்.பி. சார்?" பதில் வந்த உடனே, "அட, எங்க தோப்பு மோட்டாரே ஏழரை!" என்பார்.

அந்த ஒப்பீட்டில்தான் வம்பு இருக்கிறது. ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பழகிய மெட்ரிக் கணக்கில் 735.5 வாட், அதாவது 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன். இந்த வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை, விட்டுவிடலாம். எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதைத்தான் விட முடியாது.

ஏதாவது ஒரு தோப்பு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தகட்டில் 5 ஹெச்.பி., 3.7 கிலோவாட் என்று இருக்கும். அது மோட்டாரின் தண்டில் கிடைப்பது. கம்பியிலிருந்து மோட்டார் இழுப்பது அதைவிட அதிகம். தண்ணீருக்குப் போய்ச் சேர்வது தண்டில் கிடைப்பதைவிடக் குறைவு. பம்பு பாதிக்குப் பாதி தின்றுவிடுகிறது என்று வைத்தால், 20 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு ஒன்பது, பத்து லிட்டர் வரும். லால்குடிப் பக்கத்து விவசாயி இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. குழாய் வாயைப் பார்த்து, "ரெண்டு இஞ்ச் தண்ணி எடுக்குது" என்று முடித்துவிடுவார். கரடுமுரடான அளவுதான். ஆனால் வேலை முடிகிற இடத்தில் எடுத்த அளவு அது.

படகு மோட்டார்க்காரர்களுக்கு அந்த இடத்தை நெருங்க நெடுநாள் ஆயிற்று. முன்பெல்லாம் எஞ்சினின் கிராங்க் தண்டில் டைனமோமீட்டரை மாட்டி, சுழலும் வேகத்தையும் முறுக்கு விசையையும் அளந்து, பெருக்கிவந்த எண்ணை மூடியில் ஒட்டிவிடுவார்கள். கீழே தண்ணீருக்குள் இருக்கும் கியர் தின்பது கணக்கில் வராது. 1980-களின் நடுவில்தான் புரொப்பல்லர் தண்டில் அளக்கும் வழக்கம் நிலைத்தது. அதனால் அந்தக் காலத்து 25-ம் இன்றைய 25-ம் ஒன்றல்ல. போதாததற்கு, தகட்டு எண்ணிலிருந்து பத்து சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தரவிதியே இடம் கொடுக்கிறது. சோதனை நடப்பது 25 டிகிரி காற்றில் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைய, எஞ்சினும் இன்னும் கொஞ்சம் இளைக்கும்.

படகு மோட்டார் மூடிகளில் காணும் 9.9 என்ற எண்ணும் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 ஹெச்.பி.க்கு மேல் அனுமதி இல்லை. அதற்காகப் பிறந்தது அது. பல கம்பெனிகளில் 9.9-க்கும் 15-க்கும் எஞ்சின் உடம்பு ஒன்றே. கார்புரேட்டர் போன்ற சில பாகங்கள்தான் வேறு. நம் நாட்டில் ஹெச்.பி. கணக்கில் மின்கட்டணம் வாங்கிய இடங்களில் பம்ப்செட் தகடுகள் இளைத்துப்போன கதையும் இதே ஜாதிதான்.

பொன்மலை ரயில்வேக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். டீசல் ஷெட்டுகளில் லோடு பாக்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு. என்ஜின் நகராமல் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் உறுமும். ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தை எல்லாம் ஒரு மின்தடைப் பெட்டியில் வெப்பமாக்கி விரயம் செய்து, வோல்ட்டையும் ஆம்பியரையும் படித்துக் கணக்கெடுப்பார்கள். டபிள்யூ.டி.எம்-2 என்ஜினுக்கு 2,600 ஹெச்.பி. என்று பெயர். ரேடியேட்டர் விசிறியும் கம்ப்ரஸரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் வண்டியை இழுக்கப் போகும். மொத்தம் எவ்வளவு, இழுவைக்கு எவ்வளவு என்று இரண்டையும் அவர்கள் தனித்தனியாகவே சொல்வார்கள். படகு மோட்டார் விற்கும் கடைக்காரர்களிடம் இந்தப் பழக்கம் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஹெச்.பி.யை இரட்டித்தால் படகு இரண்டு மடங்கு வேகம் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும் பாரப் படகுக்குத் தேவைப்படும் திறன், ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக ஏறும். திறனை இரட்டித்தால் வேகம் சுமார் கால் பங்குதான் கூடும். நொடிக்கு இரண்டு மீட்டர் ஓடும் வெள்ளத்தை எதிர்ப்பவருக்கு அந்தக் கால் பங்கும் பெரிதுதான். காசு கொடுப்பவர் மட்டும் கணக்குத் தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே பழைய மோட்டார் வாங்கப் போகிறவர்களே, மூடியில் ஒட்டிய எண்ணைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அளவு கிராங்க் தண்டிலா, புரொப்பல்லர் தண்டிலா என்று கேளுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றி, முழு திராட்டில் கொடுத்து, ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள். கம்பெனி சொன்ன வேகத்தை எஞ்சின் எட்டவில்லையென்றால், தகட்டில் உள்ள ஹெச்.பி. உங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய மோட்டாருக்குப் பணம் தேடும் முன், பிட்ச் குறைந்த புரொப்பல்லர் ஒன்றை மாட்டிப் பாருங்கள்.