நடுவில் நிற்கும் எண்



ஜூன் மாதம் பிறந்துவிட்டால், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் என்னிடம் ஜெப விண்ணப்பங்களோடு இன்னொரு விண்ணப்பமும் வந்து சேர்கிறது. கைப்பேசியில் ஒரு மடிக்கணினியின் படத்தைக் காட்டி, "ஐயா, பிள்ளைக்கு இதை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். நான் கணினி கற்றவன் அல்லன். சபை அலுவலகத்திற்கும் என் பிள்ளைகளுக்கும் வாங்கியதில் வந்த பழக்கம் மட்டுமே உண்டு. கேட்கிறவர்கள் பெயரையும் விலையையும் சொல்கிறார்கள். அவ்விரண்டை மட்டும் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

மூடியின்மேல் எழுதியிருப்பது குடும்பப் பெயர். லெனோவோ என்ற ஒரே நிறுவனத்தில் திங்க்பேட், திங்க்புக், ஐடியாபேட் என்று பல குடும்பங்கள் உண்டு. திங்க்பேட் 1992இல் ஐபிஎம் நிறுவனம் தொடங்கிய வரிசை. 2005இல் லெனோவோவின் கைக்கு வந்தது. அலுவலக உழைப்புக்கென்று செய்யப்படுவது. "திங்க்" என்ற முன்னொட்டைப் பார்த்தே திங்க்புக்கும் அதுவே என்று எண்ணிவிடக் கூடாது.

பழகிய குடும்பப் பெயர்களும் நிலைப்பதில்லை. இன்ஸ்பிரான், லாட்டிடியூட், எக்ஸ்பிஎஸ் என்று 1990கள் முதல் வழங்கிவந்த பெயர்களை டெல் நிறுவனம் 2025 ஜனவரியில் கைவிட்டு, டெல், டெல் புரோ, டெல் புரோ மேக்ஸ் என்று மாற்றியது. அவற்றினுள்ளே பிளஸ், பிரீமியம் என்ற படிகள் வேறு. புரோ உயர்ந்ததா, பிரீமியம் உயர்ந்ததா என்று ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி! ஒன்று அலுவலகத்திற்கானது, மற்றது வீட்டுக்கான வரிசையின் மேற்படி என்று விளக்குவதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. மறு ஆண்டே எக்ஸ்பிஎஸ் என்ற பெயரை அவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஆகையால் குடும்பப் பெயரோடு நின்றுவிடாமல், உள்ளே இருக்கும் பிராசஸரின் எண்ணைப் பாருங்கள். இயந்திரத்தின் மூளை அது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 வகையில் 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று உண்டு. பார்வைக்கு மூன்றும் உடன்பிறந்தவை. முதலில் நிற்கும் 7, அது 2023ஆம் ஆண்டின் வரிசை என்பதைக் காட்டுகிறது. இரண்டாவதான 5 அதன் படிநிலை. கடைசி எழுத்தான யு, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் வகை என்பதற்கு அடையாளம். மூன்றாம் இலக்கம்தான் உள்ளமைப்பின் வயதைச் சொல்கிறது. 2 என்றால் 2019இல் வெளிவந்த ஜென் 2. 3 என்றால் 2020இன் ஜென் 3. 4 என்றால் 2022இன் ஜென் 4.

பள்ளியில் படித்த பகுபத இலக்கணம் நினைவிருக்கிறதா? செய்தான், செய்கிறான், செய்வான் என்ற மூன்று சொற்களிலும் பகுதி ஒன்றே, விகுதி ஒன்றே. நடுவில் நிற்கும் இடைநிலைதான் காலத்தைக் காட்டுகிறது. இந்த எண்களையும் அவ்விதமே பிரித்துப் படிக்கலாம். இந்த விளக்கத்தை 2022இல் ஏஎம்டி நிறுவனமே வெளியிட்டது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. ஆயினும் கடைக்குச் செல்லும் எந்தத் தாய் அதைப் படித்துவிட்டுச் செல்கிறாள்? படிக்க மாட்டாள் என்று அறிந்து வைத்த பெயர்கள் இவை என்பதே என் எண்ணம்.

தையல் தொழில் செய்து மகளைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்த சகோதரி ஒருவர், 2023இல் சீட்டு எடுத்த பணத்தோடு என்னை அழைத்துச் சென்றார். கடையில் இரண்டு மடிக்கணினிகளை வைத்தார்கள். இரண்டின் அட்டையிலும் ரைசன் 5, 7000 வரிசை, 8 ஜிபி என்றே இருந்தது. விலையில் 3,000 ரூபாய் வித்தியாசம். "இரண்டும் ஒன்றுதானே ஐயா? மூவாயிரம் என்றால் நான் பத்து ரவிக்கை தைக்க வேண்டும்" என்றார். அந்தக் கணக்கை அற்பமாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. மலிவானதில் இருந்தது 7520யு. அதில் 4 கோர்கள். அதனோடு வரும் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது, பின்னாளில் கூட்ட முடியாது. மற்றதில் 7530யு, 6 கோர்கள்; நினைவகம் சேர்க்க ஓர் இடமும் காலியாக இருந்தது. நான்கு ஆண்டுப் படிப்புக்கு அது வேண்டும் என்று சொன்னேன். வெகுநேரம் யோசித்து இரண்டாவதையே வாங்கினார். மூன்றாம் ஆண்டில் பெரிய மென்பொருள்கள் வந்தபோது, மகள் அந்தக் காலியிடத்தில் இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்துக்கொண்டாள்.

இன்டெல் பிராசஸரில் வயது முதலிலேயே வரும். ஐ5-1235யு என்றால் 12ஆம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை. 2023இன் இறுதியில் வந்த கோர் அல்ட்ரா முதல் அந்த "ஐ" போய்விட்டது.

பழைய இயந்திரம் வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். திங்க்பேட் டி470 2017இல் வந்தது, டி480 2018இல். இரண்டும் பழைய சந்தையில் அருகருகே கிடக்கும். விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். டி480இல் பெரும்பாலும் அது உண்டு, டி470இல் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. சில நூறு ரூபாய் குறைகிறது என்று டி470ஐ வாங்கிவர வேண்டாம்.

பணம் கொடுக்குமுன் இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதன் அடியில் அபௌட் என்ற இடத்தில் பிராசஸரின் முழு எண்ணும் இருக்கும். அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். அப்போது பிரசங்கக் குறிப்போடு போராடிக்கொண்டிருப்பேன்.