லேப்டாப்புடன் ஊட்டி போறீங்களா? நெட்டுக்கு என்ன வழி?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் பாதை 46 கி.மீ. வழியில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். ஜன்னலோரம் லேப்டாப்பை விரித்து ஆன்லைன் நேர்காணலில் உட்கார்ந்தால், கேள்வி பாதியிலேயே நின்றுவிடலாம். செல்போன் அலைகளால் மலையைத் துளைக்க முடியாது. டவருக்கு நடுவே பாறை வந்தால் சிக்னல் காலி!

வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவன சிம் வைத்திருந்தால், கிளம்பும் முன்பே வேறு நிறுவன சிம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் டவர் எட்டாத வளைவில் இன்னொன்று எட்டலாம்.

ஒரு லேப்டாப்புக்கு போன் ஹாட்ஸ்பாட்டே போதும். ஆனால், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். விண்டோஸ் அப்டேட் ஓடினால் அன்றைய டேட்டா மொத்தமும் போய்விடும். எனவே, அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று மாற்றிவிடுங்கள். இரண்டு, மூன்று கம்ப்யூட்டர்கள் என்றால், சிம் போடும் பாக்கெட் ரவுட்டர் வசதி. அதற்கும் டவர் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

தங்கும் விடுதியில் ஃபைபர் இணைப்பு இருந்தால் டவர் கவலை இல்லை. ஆனால், பழைய பங்களாக்களின் கல் சுவர் வைஃபையைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவர் தாண்டினால் பலவீனமாகிவிடும். தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸே நல்லது. அறை எடுக்கும் முன்பே, ‘ரவுட்டர் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுவிடுங்கள்.

ரயில் நிலையங்களின் இலவச வைஃபை மெயில் பார்க்க உதவும். வங்கி வேலைக்கு மட்டும் சொந்த டேட்டாதான் பாதுகாப்பு.

நேர்காணலை ஊட்டி போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் பிள்ளைகளோடு சேர்ந்து ‘ஓ’வென்று கத்தலாம். மைக்கை மியூட் செய்யும் வேலை மிச்சம்!