சிறகிற் பதித்த சிற்றுணரி

வானூர்திச் சிறகின் மேற்பரப்பு அமுக்கத்தை அறிய, முன்னோர் அதில் நுண்துளைகளிட்டு, குழாய்வழியே திரவ நிரல்களுடன் இணைத்தனர். நம்பகமான முறை, ஆயினும் செலவும் உழைப்பும் மிக்கது. இன்றோ, கைத்தொலைபேசியில் உயரமறிய உதவும் மலிவான அமுக்க உணரிகளைச் சிறகிலேயே பதிக்கலாம். அவற்றின் அகலம் சில மில்லிமீற்றரே.

எனினும் மலிவு மயக்கலாகாது. செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திற் காற்று வீசுகையில் எழும் இயக்க அமுக்கம் ஏறத்தாழ 245 பஸ்கால். 5 மீற்றர் வேகத்திலோ 15 மட்டுமே. உணரியை ஒரு மீற்றர் உயர்த்தினாலே 12 பஸ்கால் குறையும்! அறைக்கதவு திறப்பதும் வெப்பம் மாறுவதும் அச்சிறு அளவை விழுங்கிவிடக்கூடும்.

ஆதலால், காற்றுப்படாத இடத்தில் ஓர் உணரியை ஒப்பீட்டுக்கு வைத்தல் வேண்டும். காற்றுத் தொடங்குமுன்னும் நின்றபின்னும் ஒவ்வோர் உணரியின் வாசிப்பையும் குறித்துக் கழித்தலும் வேண்டும். இவ்வொழுங்கைப் பேணின், வசதி குறைந்த ஆய்வுகூடமும் சிறகின் அமுக்கப் பரம்பலைத் தானே அளந்தறியலாம்.