காஞ்சியில் இருந்தவரின் குகை

இலங்கையில், மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வழியில் ஓர் ஏரிக்கரை. அங்கே நாளந்தா கெடிகே என்ற கற்கோயிலைப் பார்த்ததும் மாமல்லபுரத்துக்கே திரும்பிவிட்டேனோ என்றிருந்தது. கூடுகள், அரைத்தூண்கள், முன்மண்டபம், கருவறை எல்லாமே நாம் பார்த்துப் பழகிய பல்லவர் பாணி. ஆனால் இது பௌத்தக் கோயில். 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் கட்டியது என்கிறார்கள். போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாமல் இருக்க, 1970களில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் அடுக்கியிருக்கிறார்கள். அப்படிப் பிரித்தவர்களாலும் இது சிங்களக் கல், இது தமிழ்க் கல் என்று சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் அலுவிகாரை. வலகம்பா மன்னன் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகவே வந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் ஓலையில் ஏறிய இடம் இது. பாறைகளுக்கு நடுவே ஒரு குகை புத்தகோஷருக்கு உரியது. பாலி நூல்களுக்குப் பேருரைகள் எழுதிய அவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பது மரபு. அங்குத்தர நிகாய உரையின் முடிவில், காஞ்சிபுரத்தில் தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற துறவி கேட்டுக்கொண்டதால் அதை எழுதியதாக அவரே குறித்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஒருவருக்கு இந்த மலைக்குள் இன்னும் பூ வைக்கிறார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

அங்கிருந்து மாத்தளை நகரம் மூன்று கிலோமீட்டர்தான். முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிகிறது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள், வழியில் வாந்திபேதிக்குப் பலரைப் பறிகொடுத்துவிட்டு வந்து சேர்ந்த ஊர் இது. அவர்கள் மாரியைக் கும்பிட்டதில் வியப்பில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் இந்தக் கோயிலுக்குத் தீ வைத்தார்கள். இதே மாவட்டத்துத் தம்புள்ளையில், 2012 ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை, பிக்குகள் முன்னே வர ஒரு கூட்டம் பள்ளிவாசலைத் தாக்கியது. பக்கத்திலிருந்த காளி கோயிலையும் அகற்றச் சொன்னார்கள். மறு ஆண்டு அது இடிக்கப்பட்டது. தம்புள்ளைக் குகை விகாரைக்குள்ளேயே விஷ்ணு நிற்கிறார் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தேசிய சமாதானப் பேரவை போன்ற அமைப்புகள் பல மாவட்டங்களில் சர்வமதக் குழுக்களை நடத்தி வருகின்றன. அந்த வகையில் ஊரார் கூட்டிய ஒரு சிறிய பயிற்சிக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். ஒரு பிக்கு, ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பாதிரியார். ஒவ்வொருவரோடும் அவரவர் சபையினர் நான்கைந்து பேர். பேச்சு சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ஓடியது.

நடத்தியவர் இரண்டே கேள்விகள் கேட்டார். முதலாவது, உங்கள் வழிபாட்டு இடத்துக்குள் இருக்கும் மற்றவர் யார்? எல்லோரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். விகாரையில் விஷ்ணு, அம்மனுக்கு நேர்த்தி வைக்க வரும் சிங்களப் பெண்கள். நான் புத்தகோஷரைச் சொன்னேன். இரண்டாவது, உங்கள் ஆட்கள் மற்ற இனத்தாரை உங்கள் இடத்துக்குள்ளேயே இழிவாகப் பேசியபோது நீங்கள் பேசாமல் இருந்தது எப்போது?

யாரும் வாய் திறக்கவில்லை. தேநீர்க் கோப்பைகள் ஆறிப்போயின. கடைசியில் குருக்கள்தான் தொடங்கினார். திருவிழாச் செலவு பற்றிய கூட்டத்தில் முஸ்லிம் கடைக்காரர்களைப் பற்றி எழுந்த பேச்சை அவர் கேட்டும் கேளாததுபோல் இருந்திருக்கிறார். சொல்லும்போது குரல் கம்மியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எதற்கும் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. இந்தப் பயிற்சியின் உயிர் அந்த விதியில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பதில் சொல்ல விட்டிருந்தால் அரை மணியில் 1983க்கும் 2012க்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

"மேடையில ஒண்டா இருக்கிறது லேசு," என்றார் மௌலவி. "எங்கட ஆக்களுக்கு முன்னால தனியா நிண்டு இதைச் சொல்றதுதான் கஷ்டம்."

பிக்கு வயதில் இளையவர். புத்தகோஷர் காஞ்சியில் இருந்த விஷயத்தை என்னிடம் மறுபடி கேட்டு, ஊர்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த போயா எனும் பௌர்ணமி தினத்து அறவுரையில் அதைச் சேர்ப்பதாகச் சொன்னார். போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்கோ மறுநாள் காலை விமானம்.