அப்பாவின் அம்பாஸடரும் குங்குமச் சிமிழும்

எங்கள் அம்பாஸடர் தெருமுனை திரும்பும்போதே அம்மா அடுப்பில் பாலை வைத்துவிடுவாள். ஹாரன் சத்தத்தை வைத்து அல்ல. பின் ஆக்ஸிலிலிருந்து வரும் 'ஊஊய்ங்...' என்கிற ஓலத்தை வைத்து! ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, காலை எடுத்தால் இன்னொரு சுருதி.

மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். "டிஃபரென்ஷியல் போச்சு சார். பேசாம எடைக்குப் போட்டுடுங்க."

2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. 'அதுவும் சரிதான்' என்றேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் அம்மா வழியாகத்தான். "உன் பிள்ளையை கரன்ட் பில் கட்டச் சொல்லு!"

மூன்று வாரம் தாங்கினேன். நாலாவது சனிக்கிழமை ஜாக்கியை எடுத்துவிட்டேன்.

டிஃபரென்ஷியலில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் அதனதன் வேகத்தில் விட்டு, இழுவையை மட்டும் சமமாகப் பங்குபோடுவது அதன் வேலை. கூட்டுக் குடும்பத்தில் அம்மாக்கள் செய்கிற அதே வேலை.

எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை 'பினியன்' என்கிற சின்னப் பல்சக்கரம், 'கிரௌன் வீல்' என்கிற பெரிய சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் விவாகரத்துதான். புதுப்பேட்டையில் அலைந்து ஒரு ஜோடியும் பேரிங்குகளும் வாங்கி வந்தேன்.

கழற்றுவது சுலபம். மாட்டுவதில்தான் ஜாதகப் பொருத்தம். பினியன் பேரிங்கை அதிகம் இறுக்கினால் சூடாகிவிடும், தளர விட்டால் பினியன் ஆடும். கயிற்றைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து, சுற்றும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தராசு உபயம், பழைய பேப்பர்காரர். (அவர் தராசு காட்டிய எடையை நம்பியது என் முதல் தைரியம்!)

அடுத்து, பற்களுக்கு நடுவே இடைவெளி. 0.15 மில்லிமீட்டர், அதாவது ஒரு தபால் கார்டு கனம்கூட இல்லை. 'ஷிம்' என்கிற மெல்லிய தகட்டை ஒரு பக்கம் எடுத்து மறுபக்கம் வைத்து, டயல் கேஜில் அதைக் கொண்டுவருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

கடைசிப் பரீட்சை: பல்லில் சாயம் தடவிச் சுற்றினால், எங்கே உரசுகிறது என்று தடம் விழும். சாயத்துக்கு எங்கே போவது? மனைவியின் குங்குமச் சிமிழைக் கவிழ்த்து, கிரீஸில் குழைத்துத் தடவினேன். சுற்றினேன். தடம் விழுந்தது. நல்லதா, கெட்டதா? யாருக்குத் தெரியும்!

"அடியில பதிஞ்சிருக்கு. பினியன் ரொம்ப உள்ளே போயிருக்கு. ஷிம்மைக் குறை."

திரும்பிப் பார்த்தேன். அப்பா. பஸ் ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் இருந்த மனுஷன்! இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க வந்தவன், நிறுத்திக்கொண்டேன். அவர் பிடித்திருந்த டார்ச் வெளிச்சம் பல்சக்கரத்தின் மேல் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அவரே ஏன் இந்த வேலையைத் தொடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

பினியனை மறுபடி கழற்றி, பேரிங்கை உருவி, ஷிம் மாற்றி... நாலாவது தடவை குங்குமம் பல்லின் நடுவில் அழகாகப் பதிந்தது. "ம்" என்றார் அப்பா. அவர் அகராதியில் அது பத்மஸ்ரீ.

ஞாயிறு மதியம் கியர் ஆயிலை ஊற்றும்போது, "பழசு ஏன் போச்சு தெரியுமா?" என்றார். தெரியும். ஓட்டின இத்தனை வருஷத்தில் ஆயில் அளவை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றுபவை. அதற்கென்று உள்ள ஆயில் இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சாயங்காலம் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று. மிதித்தேன், காலை எடுத்தேன். ஓலம் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தால், காபி தயாராக இல்லை!

"நீங்க வர்ற சத்தமே கேக்கலையே!" என்று அம்மா பதறினாள்.

அப்பா நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே தெருமுனையிலேயே ஹாரன் அடிச்சிடுடா."