யார்ட குப்பை சேர்?

நேற்று தரம் 9 விஞ்ஞானப் பாடம். செய்மதிகளைப் பற்றிப் பேசும்போது, 2015 நவம்பர் 13 அன்று நம் தென்கரைக்கு அப்பால் சுமார் 100 கிலோமீற்றர் தூரத்தில், விண்வெளிக் குப்பைத் துண்டொன்று பட்டப்பகலில் எரிந்து விழுந்த கதையைச் சொன்னேன். 1998இல் நிலவுக்குப் போன அமெரிக்கக் கலமொன்றின் கழற்றிவிடப்பட்ட பாகமாக அது இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி. "யார்ட குப்பை சேர் அது? அவங்களே வந்து அள்ளியிருக்கலாம் தானே?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அள்ளுவது லேசல்ல. தாழ்ந்த ஒழுக்கில் குப்பை செக்கனுக்கு 7 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. பருத்தித்துறையிலிருந்து தெவுந்தரமுனைக்கு ஒரு நிமிடம்! பிடிக்கக் கைபிடி இல்லை, சில துண்டுகள் உருண்டுகொண்டே போகும். பிசகினால் குப்பை இன்னும் கூடும். 2009இல் ஓர் அமெரிக்கச் செய்மதியும் செயலிழந்த ரஷ்யச் செய்மதியும் மோதியதில், கண்காணிக்கக்கூடிய துண்டுகள் மட்டுமே 2,000 வரை உருவாகின.

2024இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே கலம், 2009இல் ஏவிய ரொக்கெட்டின் 11 மீற்றர் நீளப் பாகமொன்றுக்கு 15 மீற்றர் வரை கிட்டப் போனது. தொடவில்லை. கிட்டப் போனதே பெரிய சாதனை. ஒன்றைக் கவனியுங்கள், அதுவும் ஜப்பானுடைய குப்பைதான். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, செத்துப்போன செய்மதியும் அதைப் பதிந்த நாட்டின் அதிகாரத்தில்தான் இருக்கும். மற்ற நாடு அனுமதியில்லாமல் கை வைக்க ஏலாது. போட்டவரும் எடுப்பதில்லை, எடுக்க வருபவருக்கும் உரிமையில்லை.

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வகுப்பிலும் நான் வைத்த சட்டம் இதுதானே! "போட்டவர்தான் எடுக்க வேணும்." அதனால் தினமும் காலையில் "நான் போடல்ல சேர்" என்று 38 குரல்கள். டொபி உறை மட்டும் கிடந்த இடத்திலேயே.

சட்டத்தை மாற்றினேன். இனிக் கண்டவர் எடுக்க வேண்டும்.

உடனே அதே பின்வாங்குக்காரன், "அப்ப மேசைக்குக் கீழ கிடக்கிற சோக்குத் துண்டு, சேர்?"

குனிந்து பொறுக்கினேன். நான்கு துண்டுகள். நான்குமே என்னுடையவை.

வானத்துக்கும் இப்படியொரு சட்டம் வருமா தெரியாது. நம் வீட்டு வாசலில் இப்போது எந்தச் சட்டம் நடக்கிறது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.