காலியாக விட்ட கட்டம்

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருப்பவர்களில் பலர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஆய்வுக் கட்டுரையைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைத்துவிடுவார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. நானும் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். சான்றிதழும் வாங்கினோம்.

மாநாடு 1993 முதல் நாடு முழுக்க நடக்கிறது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் பொறுப்பெடுத்து நடத்துகிறது. 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊரில் கண்ணெதிரே இருக்கும் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, அளந்து, விசாரித்து, தாய்மொழியிலேயே எழுதலாம். விதி நல்ல விதிதான். பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருக்க நமக்குத்தான் முடிவதில்லை.

2024இல் நான் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் இருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. அந்தப் பக்கம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், இருவரும் மலையாளிப் பழங்குடி வீட்டுப் பெண்கள், ஆய்வு செய்ய முன்வந்தார்கள். தலைப்பு நான் கொடுத்தது: சாமை ஏன் குறைந்தது? ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இன்று எங்கு பார்த்தாலும் மரவள்ளி. கிழங்கு லாரியேறி சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது.

விடை எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். பணப்பயிர் ஆசை, மறந்துபோன பாரம்பரியம், மாறிவிட்ட நாக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து 'முடிவுரை' பகுதியை எழுதியே முடித்துவிட்டேன். அப்போது பிள்ளைகள் பாதி வீடுகளுக்குக்கூடப் போயிருக்கவில்லை. நல்ல தமிழ், ஒத்துக்கொள்ள வேண்டும். 'மூதாதையரின் உணவு மரபு' என்றெல்லாம் வந்தது.

இரண்டு பேரும் முப்பது வீடு கேட்டு வந்தார்கள். முடிவுரையை வாசிக்கக் கொடுத்தேன். பெரியவள் வாசித்துவிட்டு, "சார், இதுல இருக்கறத யாருமே எங்ககிட்ட சொல்லலையே" என்றாள்.

"பின்ன என்ன சொன்னாங்க?"

"குத்த முடியலன்னு சொன்னாங்க சார்."

நோட்டைப் புரட்டிக் காட்டினாள். வீட்டுக்கு வீடு, அதுவும் பெண்கள் பதில் சொன்ன வீடுகளில், அதே பேச்சு. சாமையை விளைவிப்பது கஷ்டமில்லை, அரிசியாக்குவதுதான் கஷ்டம். உரலில் போட்டுக் குத்தணும், முறத்தில் புடைக்கணும், மறுபடி குத்தணும். மருமகள்கள் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கிழவிக்குத் தோள்பட்டை வலி. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. ரேஷன் அரிசியும் வீடு தேடி வராவிட்டாலும் கிட்டத்திலேயே கிடைக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாட்டி ஒரு படி சாமையை உரலில் போட்டார். சின்னவள் செல்போனில் நேரம் பார்த்தாள். பிள்ளைகள் மாறி மாறிக் குத்தினார்கள், பாட்டி புடைத்தார். ஒரு மணி நேரம் தாண்டியும் உமி முழுசாகப் போகவில்லை. நானும் உலக்கையை வாங்கிப் பார்த்தேன். பத்து குத்திலேயே உள்ளங்கை கன்றிவிட்டது. பாட்டி சிரித்தார், "வாத்தியாரே, எழுதறது சுலபம்."

பக்கத்தில் கொல்லிமலையிலும் இதே கதைதான். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்க இறங்கியபோது, விதை கொடுத்ததோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊருக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் முடிவுரையில் 'நாக்கு மாறிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. கேள்வித் தாளில் 'பிற வருமானம்' என்று ஒரு கட்டம். நான் போட்டதுதான். அந்த ஜூனில்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதன் பிறகு மலையில் ஊறல் தேடிப் போலீஸ் ஏறாத நாள் குறைவு. நோட்டும் பேனாவுமாக வாசலில் யார் நின்றாலும் கதவு பாதி மூடிக்கொண்டது. 1976 வரை ஜாகிர்தார்களுக்கு வரி கட்டிக்கொண்டிருந்த ஊர் அது. எழுதுகிறவன் வந்தால் நல்லதுக்கில்லை என்பது அங்கே பழைய பாடம்.

முப்பது தாளில் ஒன்றில் மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. "ஒண்ணு விட்டாலும் மார்க் கொறைப்பாங்க. கூலின்னு போடு" என்றேன், சாதாரணமாக. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள்தான் சொன்னாள்:

"சார், அது இவ வீடு. கூலின்னு போட்டா பொய். உள்ளத போட்டா இவங்கப்பா…"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பொய்த் தகவல் எழுதக் கூடாது என்று முதல் நாள் அவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

மாவட்ட அமர்வில் நடுவர் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பிடித்தார். இது ஏன் காலி? சின்னவள் மைக்கை வாங்கி, "கேட்டோம். சொல்ல விரும்பல. அதனால எழுதல" என்றாள். நடுவர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த கட்டத்துக்கு நாங்கள் தேர்வாகவில்லை. காரணம் அதுதானா என்று நான் கேட்கவில்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், தங்கள் ஊருக்கு உமி நீக்கும் மில் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் பாட்டிக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள் போல. பொங்கல் விடுமுறை முடிந்து மலையேறியபோது, பஸ் நிறுத்தத்தில் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாத்தியாரே, மில்லு எப்ப வருது?"